விசில் கடித்த பக்கம்

அந்த ஆளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியில் பல்வலி வந்தவர்களுக்குப் பெயர் சொல்லாமலே ஆள் தெரியும். உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பல் டாக்டர். படி ஏறும்போதே யூரியா வாடையும் கிராம்பு எண்ணெய் வாடையும் சேர்ந்து அடிக்கும். அங்கே ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு வைத்துக்கொண்டு சுத்துப்பட்டு ஊர் வாய்களையெல்லாம் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து சனம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷங்கள் அவை. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் விசில் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு ஏன் இத்தனை வயிற்றெரிச்சல் என்று உங்களுக்குப் புரியாது.

மலைப்பாதையில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டருக்கு ரெண்டு கையும் போதாது. வலது கை டிக்கெட் கிழிக்க, இடது கை கம்பியைப் பிடிக்க. விசிலுக்கென்று கை கிடையாது. அது வாயின் இடது ஓரத்தில், முன்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவில், காலையில் கடித்தால் ராத்திரி ஷெட்டுக்கு வரும்வரை அங்கேயே கிடக்கும். வலது ஓரத்தால் பேசுவேன், இடது ஓரத்தால் ஊதுவேன். பன்னிரண்டு வருஷம் இப்படி. அது வாயில் இருக்கிறது என்கிற நினைப்பே எனக்கு இருக்காது. சட்டையை யாராவது நினைத்துக்கொண்டே இருப்பார்களா?

ஈறில் ரத்தம் வர ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் விசிலை எடுத்துத் துடைத்தால் துணி சிவப்பாக இருந்தது. வாய் நாற்றம் வேறு. டிக்கெட் வாங்குகிறவர்கள் காசைக் கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். முன்பல் ரெண்டு ஆட ஆரம்பித்ததும் விசில் பிடி நிற்காமல் நழுவியது. வளைவில் ஊத வேண்டிய நேரத்தில் ஊதாமல் போனேன். முதலாளி கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"இத பாருப்பா. விசில் ஊத முடியாதவன கண்டக்டரா வெச்சிக்கினு நான் மலைக்கு வண்டி வுட முடியாது. போய் பல்லப் பாரு. இல்லாட்டி வேற ஆளப் பாக்குறேன்."

இப்படித்தான் அந்தப் படிக்கட்டு ஏறினேன்.

என்னை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, வாயைப் பார்த்துவிட்டு, பெஞ்சில் காத்திருந்தவர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "வாங்கய்யா, வந்து பாருங்க. இது வாயா, சாக்கடையா? நேத்து வந்தாரே நைனார்பாளையம் மணியக்காரர், அவரு வாய் எவ்ளோ தேவல." ரெண்டு பேர் நிஜமாகவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். முகம் தெரியாத மணியக்காரர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

அதுதான் அந்த ஆளின் குணம். எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. எதற்குப் பக்கத்திலும் இன்னொன்றை நிறுத்த வேண்டும். "வெச்சுப் பாத்தாதான்யா தெரியும்" என்பார். டீ குடிக்கக் கீழே இறங்கினால் எதிரெதிர்க் கடை ரெண்டிலும் ஒவ்வொரு டீ சொல்லி, நடுரோட்டில் நின்றுகொண்டு இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய் குடித்து, எது தேவலை என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவார். அதுவரை ஒன்றாக உட்கார்ந்து சீட்டு ஆடிய ரெண்டு கடைக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிமலைச் சந்தைக்குப் போனால் எங்கள் வண்டியில் ஏறி எதிராளி வண்டியில் இறங்குவார். பஸ் ஸ்டாண்டில் எல்லார் காதிலும் விழ, எந்த டிரைவர் வளைவில் சுத்தமாக ஒடிக்கிறார் என்று தீர்ப்பு சொல்வார். எங்கள் டிரைவர் அண்ணன் அமைதியான மனுஷன். அவரே ஒருநாள், "இந்த ஆள கொண்டை ஊசி வளைவுல எறக்கி வுட்டுட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

என் வூட்டுக்காரி ஒருமுறை தன் ஈறைக் காட்டக் கூட வந்தாள். பார்த்துவிட்டு, "உன் வூட்டுக்காரன் வாய விட தேவலம்மா. ஆனா உன் மாமியா வாய் உன்னத விட சுத்தம்" என்றார். என் அம்மாவை எப்போதோ பார்த்திருக்கிறார். அதை நினைவு வைத்திருந்து, வந்த இடத்தில் கொளுத்திப் போட்டார். எங்கள் ஊர் வடக்கனந்தல் வந்து சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் அம்மாவோடும் பேசவில்லை.

சரி, வைத்தியத்துக்கு வருகிறேன். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை விழுந்திருக்கிறது, அதற்குள்ளே காரை கட்டிப்போய்க் கிடக்கிறது, அதை எடுக்காவிட்டால் எலும்பு கரைந்து பல் கொட்டிவிடும் என்றார். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் விட்டு, "இங்க ஜாஸ்தி, இங்க கம்மி, யப்பா, இங்க ரொம்ப ஜாஸ்தி" என்று அளந்துகொண்டே போனார். என் வூட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு வீட்டில் அழுதாள். "காரைதாங்க பல்லப் புடிச்சிக்கினு இருக்குது. அதயும் சொரண்டி எடுத்துட்டா பல்லு இன்னாத்தப் புடிச்சிக்கினு நிக்கும்?" எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன். ஆனால் வேலை போகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதலில் வலது பக்கம். வளைந்த கொக்கி மாதிரி ஒரு ஆயுதம். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஈறுக்கு அடியில் அதை விட்டு, ஒவ்வொரு பல்லின் வேரையும் சுரண்டினார். அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. கரண்டில் ஓடுகிற மெஷின் ஒன்றும் வைத்திருந்தார்; எங்கள் பக்கத்து வோல்டேஜுக்கு அது முனகிவிட்டு நின்றுவிடும், அதனால் துணி போட்டு மூடிக் கிடந்தது. நான்கைந்து தடவை வரச் சொல்லி வலது பக்கத்தை முடித்தார். கை சுத்தமான கைதான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ரத்தம் நின்றது. ஈறு வெளுத்து இறுகியது.

இடது பக்கத்துக்குப் போன அன்று கொக்கியை எடுக்கவில்லை. கத்தியை எடுத்தார். நான் பயந்துபோய் எழுந்து உட்கார்ந்தேன்.

"படுய்யா. இந்தப் பக்கம் ஈற அறுத்து, மடிச்சித் தூக்கிட்டு, கண்ணால பாத்தே சொரண்டி, தச்சி வுட்டுடுவேன்."

"அந்தப் பக்கம் அறுக்காமத்தானே சார் செஞ்சீங்க? நல்லாத்தானே கீது?"

"அதான்யா விஷயமே. காலேஜுல எனக்குப் பாடம் எடுத்தவங்கள்ல ஒருத்தர் அறுக்காம சொரண்டுனா போதும்பாரு. இன்னொருத்தர் அறுத்துப் பாக்காம சொரண்டுறவன் கண்ணக் கட்டிக்கினு கூட்டுறவன்பாரு. நான் ரெண்டு பேரயும் நம்பல. ரெண்டு வேற ஆளு வாயில செஞ்சிப் பாத்தா சரியா வராது. ஒருத்தன் வெத்தல போடுவான், ஒருத்தன் போட மாட்டான். ஒரே ஆளு வாயில ஒரு பக்கம் இப்படி, ஒரு பக்கம் அப்படி செஞ்சா? வெச்சுப் பாத்துடலாம்ல? தொற வாய."

என்னைக் கேட்டாரா? கேட்கவில்லை. வலியில் வந்தவன், வேலை போய்விடும் என்று வந்தவன், அவன் வாயை வயலில் பாத்தி கட்டுகிற மாதிரி ரெண்டாகப் பிரித்து, இந்தப் பாத்தியில் ஒன்று, அந்தப் பாத்தியில் ஒன்று என்று விதைத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். எனக்கு மட்டும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. பாதி வாய் தையலோடு அந்தப் படிக்கட்டில் இறங்கியவர்கள் நிறைய பேர்.

இன்னொரு பழக்கமும் அந்த ஆளுக்கு உண்டு. நம் வாயில் பஞ்சு அடைத்த பிறகுதான் ஊர் நியாயம் பேசுவார். பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துக் கேள்வி கேட்பார். ஈறை அறுத்துக்கொண்டே, "ஒங்க ஆளுங்க ரோட்ட மறிக்கப் போறாங்களாமே? எதுக்குய்யா?" என்றார். நான் "ஆ… ஆ…" என்றேன். "அப்படிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மேலே அறுத்தார். பள்ளிக்கூட நாளிலேயே கரும்பு வெட்டிவிட்டு வந்து படித்த என் தம்பி, டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் போட்டு இடம் கிடைக்காமல், ரெண்டு வருஷமாகத் திரும்பவும் கரும்பு வெட்டவே போய்க்கொண்டிருந்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வேண்டியிருந்தது. வாய் அவர் கையில் இருந்தது.

தைத்து முடித்து, "இடது பக்கம் எதயும் கடிக்காத. உப்புத் தண்ணியில கொப்புளி. ஒரு வாரம் கழிச்சி நூல் எடுக்க வா" என்றார். நானும் இடது பக்கம் ஒரு பருக்கை போகாமல் பார்த்துக்கொண்டேன். மறுநாள் டியூட்டிக்குப் போனேன். விசிலை வாயில் வைத்தேன். எங்கே? வழக்கமான இடத்தில்தான். கடிக்காதே என்றால் சோறைக் கடிக்காதே, முறுக்கைக் கடிக்காதே என்றுதானே அர்த்தம்? விசிலைக் கடிப்பதாக எந்தக் கண்டக்டராவது நினைப்பானா? வீங்கியது. ரத்தம் கொட்டியது. அறுத்த பக்கம் அப்படித்தான் இருக்கும்போல என்று ஊதிக்கொண்டே போனேன்.

அந்த வாரம்தான் மறியல் வந்தது. நாங்கள் கடைசி நடையாக வெள்ளிமலைக்கு ஏறியிருந்தோம். கீழே ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்று ஜீப்காரர் வந்து சொன்னார். வெட்டியவர்களில் என் தம்பியும் இருந்தான். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டிரைவர் அண்ணனும் நானும் ஒரு வாரம் மலையிலேயே கிடந்தோம். பஸ் சீட்டில் தூக்கம், ஒரு அம்மா கடையில் சாமைச்சோறு, ஓடையில் குளியல். பெரியவர் ஒருத்தர் தினமும் வந்து, "வண்டி எப்பங்க எறங்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போவார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஓடையில் வாய் கொப்புளித்துத் துப்பினேன். தண்ணீர் வெள்ளையாகப் போனது. நாக்கால் தடவிப் பார்த்தேன். வீக்கம் வற்றியிருந்தது. தையல் நூல் மட்டும்தான் உறுத்தியது. பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னாண்ணே பாக்கறீங்க?"

"இல்லப்பா, உன் மூஞ்சி வேற யாரோ மாதிரி கீது. வாயில விசில் இல்லாம உன்ன நான் பாத்ததே இல்ல."

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மலைத்தண்ணி ராசி என்றார் அவர், நானும் ஆமாம் என்றேன். மறியல் முடிந்தது, மரத்தை இழுத்துப் போட்டார்கள், வண்டி ஓடியது. ரெண்டு நாள் விசில் ஊதினேன். மறுபடியும் அதே வெள்ளிமலையில், அதே ஓடையில் துப்பினேன். சிவப்பு. அப்போதுதான் டிரைவர் அண்ணன் சொன்னது திரும்பக் காதில் விழுந்தது. துப்புவதற்காகக் கையில் எடுத்திருந்த விசிலைப் பார்த்தேன். அடப்பாவி, நீதானா?

நூல் எடுக்கப் போனேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் பஞ்சை வைத்துவிட்டார். நூலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மரத்த வெட்டிப் போட்டா சீட்டு வந்துடுமாய்யா? எல்லாரயும் ஒரே பரீட்சையில உக்கார வை. ஜாஸ்தி வாங்குனவன் உள்ள, கம்மி வாங்குனவன் வெளிய. இதுல இன்னாய்யா அநியாயம்? உன் வாயவே எடுத்துக்கோ. ரெண்டு பக்கமும் உன்னுதுதான். ஒரே சோறு, ஒரே தண்ணி. சொரண்டுன பக்கம் தேறிடுச்சி. அறுத்த பக்கம் தோத்துக்கினு வருது. ஒரே எடத்துல வெச்சுப் பாத்தேன், தெரிஞ்சி போச்சி."

அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். பஞ்சைத் துப்பினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"ஒரே சோறு ஒரே தண்ணிதான் சார். ஆனா விசிலு இந்தப் பக்கம். பன்னெண்டு வருசமா இந்தப் பக்கம்தான் கடிச்சிக்கினு வேலை செய்யிது. அந்தப் பக்கம் சும்மா உக்காந்துக்கினு இருந்துது. வேலை செஞ்ச பக்கத்தயும் குந்திக்கினு இருந்த பக்கத்தயும் ஒண்ணா நிக்க வெச்சி, இது தோத்துப் போச்சின்னு சொல்றீங்களே, இது இன்னா நாயம் சார்? மரம் வெட்டுனவனுங்க கேக்குறதும் இதத்தான் சார். என் தம்பி கரும்பு வெட்டிட்டு வந்து படிச்சான் சார்!"

சொல்லிவிட்டேன். அந்த ஆள் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

"எங்க சார் பேச வுட்டீங்க?"

வெட்கப்படுவார், 'மன்னிச்சுக்கோ' என்று சொல்லாவிட்டாலும் தலையையாவது குனிவார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நான் ஒரு மடையன். அவர் முகம் பளிச்சென்று ஆனது.

"சரி, கெட்டுப் போவல. இனிமே விசில வலது பக்கம் கடி. ரெண்டு மூணு மாசம் கடி. அந்தப் பக்கமும் உழைக்கட்டும். ரெண்டும் சமமா வந்துடும்ல? அப்புறமா வெச்சுப் பாக்கலாம். தொற வாய, மிச்ச நூல எடுத்துடறேன்."

தேறிய பக்கத்தையும் கெடுத்துக்கொண்டு வா என்கிறார்! இடது பக்கத்தைக் காப்பாற்ற ஒரு வார்த்தை இல்லை. என் வேலை, என் பல், என் சோறு எதுவும் அவருக்குக் கண்ணில் படவில்லை. சமமாக்குவது என்றால் தாழ்ந்ததைத் தூக்கிவிடுவது என்று நான் நினைத்திருந்தேன். அந்த ஆளுக்கு நன்றாக இருப்பதையும் கெடுப்பதுதான் சமம். வாயை மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினேன். "யோவ், நூலுய்யா, நூலு" என்று படிக்கட்டு வரை கத்தினார். மிச்ச நூலை என் வூட்டுக்காரி சின்னக் கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்து வெட்டி எடுத்தாள்.

விசிலைப் பல்லால் கடிப்பதை அன்றோடு விட்டேன். உதட்டு நடுவில் வைத்து, கையால் பிடித்து ஊதப் பழகினேன். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் வளைவுகளில் சீட்டு முதுகில் இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றேன். டிக்கெட் போடத் தாமதமாகிறது என்று முதலாளி முணுமுணுத்தார், ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

பல வருஷம் கழித்து ஒரு சந்தை நாள். அந்த ஆள் எங்கள் வண்டியில் ஏறினார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. மாடி அறையைக் காலி செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டுக்குக் கையை நீட்டியவர், என்னைப் பார்த்ததும் நீட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"நீ விசில்காரன்ல?"

நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

"வாயத் தொற, பாக்கலாம்."

நான் திறக்கவில்லை. பின்னால் போய்விட்டேன். கச்சிராயபாளையத்தில் ஆள் ஏற்றிவிட்டு முன்னால் வந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் பழைய குரல் இல்லை.

"யோவ், ஒரே ஒரு தபாய்யா. நான் செஞ்சதுல அத்தினி பேரும் செத்துட்டான், இல்ல எங்கியோ போயிட்டான். உன் ஒருத்தன் வாய்தான் பாக்கி. எந்தப் பக்கம் நின்னுச்சின்னு மட்டும் சொல்லு. தொறக்க வாணாம், கைய காட்டு போதும். வலதா, இடதா?"

வண்டி முழுக்க எங்களைப் பார்த்தது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். அந்த ஆள் என் சட்டையை விடவில்லை. பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த மாடியில் வாயைத் திறந்து போட்டுக்கொண்டு நான் "ஆ… ஆ…" என்று கிடந்தது அதைவிடக் கிட்டத்தில் இருந்தது. சட்டையை விடுவித்துக்கொண்டேன். முதுகைத் திருப்பிக்கொண்டு விசிலை எடுத்து ரெண்டு தடவை ஊதினேன். வண்டி கிளம்பியது. வெள்ளிமலை வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் சாவுக்குப் போகவில்லை.

உங்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒன்றும் தடையில்லை. வலது பக்கம் இன்றைக்கும் ஒரு பல் குறையாமல் நிற்கிறது. இடது பக்கம் ஆடிய முன்பல் ரெண்டும் அந்த வருஷமே போய்விட்டன. விசிலை நிறுத்திய பிறகு மிச்சமெல்லாம் இறுகி, அவையும் இன்றுவரை நிற்கின்றன. அறுத்ததும் நின்றது, சுரண்டியதும் நின்றது. சாகும்வரை அந்த ஆள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அவருக்கு நான் சொல்லவில்லை.